மொழியின் வாசலில் பூட்டு எதற்கு?

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

'கணினியும் நம் இளைஞர்களும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாக என்ன பேசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எந்தக் கோர்ஸ் படித்தால் வேலை கிடைக்கும்? எவ்வளவு சம்பளம்? வெளிநாடு போகலாமா? இவையெல்லாம் தேவையான கேள்விகள்தாம். ஆனால் இன்று நான் அவற்றைப் பேசப்போவதில்லை. ஒரே ஒரு இளைஞனின் வரலாற்றைச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுகிறேன். அவன் கணினிக் கல்லூரியின் படியை மிதித்தவனல்ல. ஆனால் ஒரு மொழியின் வாசலில் கிடந்த பூட்டைத் திறந்தவன்.

அதற்கு முன் ஒரு சின்னச் சம்பவம். எங்கள் ஊர் ஜமாஅத்தில் திருமணப் பதிவேட்டையும் உதவி பெறுவோர் பட்டியலையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தோம். ஊரில் தட்டச்சுக் கடை வைத்திருந்த ஒருவரிடம் கொடுத்தோம். பல மாதம் உழைத்து அழகாக அடித்துக் கொடுத்தார். பணமும் கொடுத்தோம். சில ஆண்டுகள் கழித்து அந்தக் கடை மூடப்பட்டுவிட்டது. எங்களிடம் இருந்த கோப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தோம். என்ன தெரிந்தது? ஒரு பெயரும் இல்லை! தலையும் வாலும் இல்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் பக்கம் பக்கமாக இருந்தன. அவர் பயன்படுத்திய எழுத்துரு எங்களிடம் இல்லை. அதைத் தேடி நாங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல.

நம்முடைய பெயர்கள், நம்முடைய பிள்ளைகளின் பெயர்கள், நம் கையில் இருந்த கோப்பு. ஆனால் அதைப் படிக்கும் சாவி நம்மிடம் இல்லை! இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பழைய எழுத்துருக்களில் அச்சுக் கோத்த ஒவ்வொரு பத்திரிகை அலுவலகத்துக்கும் இந்த அனுபவம் உண்டு.

ஏன் இப்படி? கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது சகோதரர்களே! அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்தான். ஆங்கிலத்தின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண்ணை முன்பே ஒதுக்கி வைத்திருந்தார்கள். நம் மொழிகளுக்கு அப்படி ஒதுக்கீடு இல்லாத காலத்தில், எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்தின் எண்ணிலேயே நம் எழுத்தின் படத்தை உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றிய வரிசையில் வைத்தார்கள். ஒருவருடைய 'க' இன்னொருவருக்கு 'ப' ஆனது. எழுத்துருவை எடுத்துவிட்டாலோ எல்லாம் ஆங்கிலக் குப்பை ஆனது.

இந்தக் குழப்பத்திற்கு முடிவு கட்ட வந்த உலகப் பொது ஏற்பாடுதான் யூனிகோடு. அதன் முதல் பதிப்பு 1991-இல் வெளிவந்தது. அதன்படி தமிழ் 'க'வுக்கு 2965 என்ற எண். வங்காள 'க'வுக்கு 2453 என்ற எண். எந்த நாட்டில், எந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரில் திறந்தாலும் அதே எண், அதே எழுத்து. ஆனால் ஏற்பாடு ஏட்டில் இருந்தால் போதுமா? விசைப்பலகையைத் தட்டினால் அந்த எழுத்து திரையில் வரவேண்டாமா? அதற்கு யாராவது ஒருவர் ஒரு மென்பொருள் எழுத வேண்டுமல்லவா? வங்காள மொழிக்கு அதை எழுதிய இளைஞன்தான் நான் சொல்லவந்த மெஹ்தி ஹசன் கான்.

இனி உங்களை வங்காளதேசத்திற்கு அழைத்துச் செல்கிறேன்.

அந்த மண்ணில் மொழி என்பது வெறும் பாடப்புத்தகச் சமாச்சாரமல்ல. 1952 பிப்ரவரி 21 அன்று, வங்காள மொழிக்கும் அரச மொழித் தகுதி வேண்டும் என்று டாக்காவில் திரண்ட மாணவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. சலாம், பர்கத், ரஃபீக் உள்ளிட்டோர் உயிர் துறந்தனர். அந்த நாளைத்தான் 1999-இல் யுனெஸ்கோ, உலகத் தாய்மொழி தினமாக அறிவித்தது. வழக்கமாகப் பிப்ரவரி மாதத்தில் டாக்காவில் 'ஏகுஷே' புத்தகக் கண்காட்சி நடக்கிறது. ஏகுஷே என்றால் இருபத்தொன்று. அந்தத் தேதியைத்தான் பெயராக வைத்திருக்கிறார்கள்.

இப்படி உயிர் கொடுத்துக் காத்த மொழியைக் கம்ப்யூட்டரில் எழுத என்ன வழி இருந்தது? 1988-இல் முஸ்தஃபா ஜப்பார் என்பவர் 'பிஜாய்' என்ற மென்பொருளைக் கொண்டுவந்தார். பிஜாய் என்றால் வெற்றி. வங்காளப் பத்திரிகை உலகமும் அச்சுத் துறையும் கணினிக்கு மாறியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அதை மறுப்பது நியாயமல்ல. ஆனால் அது விலைக்கு விற்கப்பட்ட சரக்கு. எந்த விசையில் எந்த எழுத்து என்பதை மனப்பாடம் செய்து பழக வேண்டும். அதில் அடித்ததோ பழைய முறை எழுத்துரு. அச்சில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மின்னஞ்சலில் அனுப்பினால், எங்கள் ஜமாஅத் பதிவேட்டின் கதிதான்!

2003 பிப்ரவரி. அந்தப் புத்தகக் கண்காட்சிக்கு, இருபது வயதைக்கூட எட்டாத மாணவர் ஒருவர் போகிறார். அவர்தான் மெஹ்தி. அங்கே தன்னார்வ இளைஞர்கள் சிலர் ஓர் அரங்கு அமைத்து, வங்காள மொழியில் இயங்கும் லினக்ஸை மக்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். யூனிகோடு முறையில் வங்காள எழுத்துகள் திரையில் வருவதை மெஹ்தி பார்க்கிறார். பெரும்பாலான மக்கள் வைத்திருப்பது விண்டோஸ் கம்ப்யூட்டர். அதில் இப்படி எழுத ஒரு கருவி இருக்கிறதா என்று வீட்டுக்கு வந்து தேடுகிறார். கிடைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் இளைஞர்களே, மனிதர்கள் இரு வகையாகப் பிரிகிறார்கள். 'இல்லையே' என்று பெருமூச்சு விட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் ஒரு வகை. 'இல்லையென்றால் நாமே செய்தால் என்ன?' என்று உட்காருகிறவர்கள் இன்னொரு வகை. மெஹ்தி உட்கார்ந்தார்!

யாரிடம் கற்றார்? அவருக்குப் புரோகிராமிங் சொல்லிக் கொடுக்கக் கல்லூரி இல்லை, கம்பெனி இல்லை. தானாகப் படித்து, தானாக எழுதி, தவறி, திருத்திக் கற்றுக்கொண்டார். முதலில் செய்ததை மைக்ரோசாஃப்டின் 'டாட்நெட்' என்ற தளத்தில் எழுதினார். அது வேலை செய்தது. ஆனால் பயன்படுத்துகிறவர் முதலில் டாட்நெட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். தொலைபேசிக் கம்பி வழியே இன்டர்நெட் ஊர்ந்துகொண்டிருந்த காலத்தில் இது சாமானியனுக்குச் சுமை. என்ன செய்தார்? எழுதியதைத் தூக்கி வைத்துவிட்டு, பழைய விஷுவல் பேசிக்கில் முதலிலிருந்து மீண்டும் எழுதினார். பின்னாளில் அதையும் விட்டு, டெல்ஃபி என்ற வேறொரு மொழியில் மறுபடியும் எழுதினார். தம் உழைப்பின் மீது அவருக்குப் பாசம் இருந்தது. ஆனால் பயன்படுத்தப் போகும் எளியவனின் சிரமம் அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

2003 மார்ச் 26 — வங்காளதேசத்தின் சுதந்திர தினம். அன்று 'அவ்ரோ' என்ற பெயரில் அந்த மென்பொருள் வெளிவந்தது. 'ஓமிக்ரான் லேப்' என்ற பெயரில் வெளியிட்டார். பெயரைக் கேட்டால் பெரிய ஆய்வுக்கூடம் போல் இருக்கும். உண்மையில் அது ஒரு மாணவனின் அறையும் ஒரு கம்ப்யூட்டரும்தான்! அதற்கு அவர் வைத்த முழக்கம் என்ன தெரியுமா? 'மொழி விடுதலையாகட்டும்' என்பதுதான்.

அவ்ரோ எப்படி வேலை செய்கிறது? காதால் கேட்கும் ஒலியை ஆங்கில எழுத்துகளால் அப்படியே தட்டுகிறோம். வங்காளத்தில் 'ஆமி' என்றால் நான். ஆங்கிலத்தில் அந்த ஒலிக்குரிய மூன்று விசைகளைத் தட்டினால், திரையில் வங்காள எழுத்தில் 'ஆமி' வந்து நிற்கும். நாம் தட்டிய விசை, எழுதும் மென்பொருளுக்குப் போய்ச் சேருமுன் அவ்ரோ அதைப் பிடித்துக்கொள்கிறது. எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்று தன்னிடமுள்ள விதிகளோடு ஒப்பிடுகிறது. அடுத்த விசையும் சேர்ந்து வேறு எழுத்தாகிறதா, கூட்டெழுத்தாகிறதா என்று பார்க்கிறது. பிறகு சரியான யூனிகோடு எழுத்தைக் கொடுக்கிறது. மனப்பாடம் வேண்டாம், பயிற்சி வகுப்பு வேண்டாம். வளைகுடாவில் வேலை பார்க்கும் தொழிலாளி தன் தாய்க்குத் தாய்மொழியிலேயே கடிதம் எழுதலாம்.

நம் தமிழிலும் முரசு அஞ்சல், இ-கலப்பை போன்றவற்றால் 'அம்மா' என்று ஒலிப்படி அடித்துப் பழகியவர்கள் இங்கே இருப்பீர்கள். அந்த வசதி என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மெஹ்தி பிறகு மைமன்சிங் மருத்துவக் கல்லூரியில் மாணவரானார். டாக்டர் படிப்பு என்றால் சும்மாவா? பகலில் வகுப்பு, வார்டு, பிணக்கூறு. மற்ற நேரத்தில் அவ்ரோ. நண்பர்கள் தோள் கொடுத்தார்கள். ரிஃபாத் நபி, தன்பீன் இஸ்லாம் சியாம், ஷபாப் முஸ்தஃபா ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். அழகிய எழுத்துருக்கள் செய்யப்பட்டன. ஆப்பிள் மேக் கம்ப்யூட்டருக்கும் வழி பிறந்தது. ஒருவர் தொடங்கியது, பலர் சேர்ந்து வளர்த்தது.

இதற்கு அவர்கள் வாங்கிய விலை? ஒரு டாக்காகூட இல்லை!

வணிகப் பெருமக்கள் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. 'ஓசியில் கிடைக்கும் சரக்கு தரமாக இருக்குமா?' என்பதுதானே உங்கள் கேள்வி? அதற்கு நான் பதில் சொல்ல வேண்டாம். நாடு சொன்ன பதிலைக் கேளுங்கள். 2007, 2008 ஆண்டுகளில் வங்காளதேசத் தேர்தல் ஆணையம், புகைப்படத்துடன் கூடிய புதிய வாக்காளர் பட்டியலைத் தயாரித்தது. 8 கோடிக்கும் மேற்பட்ட மக்களின் பெயரும் விவரமும் கம்ப்யூட்டரில் ஏறின. அந்த மாபெரும் பணிக்குப் பயன்பட்டது இந்த இலவச அவ்ரோதான்! ஒரு மருத்துவ மாணவனின் மென்பொருளில் ஒரு நாட்டின் வாக்குரிமைப் பட்டியல் எழுதப்பட்டது. கம்ப்யூட்டருக்கு ஒன்று என்று உரிமம் வாங்கியிருந்தால் அரசுக் கருவூலத்திலிருந்து எவ்வளவு போயிருக்கும் என்று கணக்குப் போட உங்களுக்கா சொல்லித் தர வேண்டும்?

ஆனால் நல்ல காரியத்துக்குச் சோதனை வராமல் இருக்குமா?

2010 ஏப்ரலில் முஸ்தஃபா ஜப்பார் பத்திரிகையில் எழுதிய கட்டுரை ஒன்றில், அவ்ரோ தம் உரிமையைப் பறித்த திருட்டு மென்பொருள் என்று குற்றம் சாட்டினார். பதிப்புரிமை அலுவலகத்திலும் புகார் கொடுத்தார். அவ்ரோவில் ஒலிமுறையோடு வேறு சில விசை அமைப்புகளும் இருந்தன. அவற்றில் 'யூனிபிஜாய்' என்ற ஒன்று, காப்புரிமை பெற்ற தம் பிஜாய் அமைப்பின் நகல் என்பது அவர் வாதம். இல்லை, இரண்டுக்கும் வேறுபாடு உண்டு என்பது மெஹ்தி தரப்பு வாதம். நாடே இரண்டுபட்டது. படித்த இளைஞர்கள் அவ்ரோவுக்காக எழுதிக் குவித்தார்கள்.

இதில் நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். ஒரு மனிதர் தம் உழைப்பில் உருவாக்கியதற்கு விலை கேட்பது குற்றமா? கிடையாது. நாமெல்லாம் வியாபாரிகள். உழைப்புக்கு விலை உண்டு என்பது நமக்குத் தெரியும். ஆனால் அதற்கு எல்லை எது என்பதே கேள்வி. ஒருவர் செய்த மென்பொருள் அவருடையது. எந்த எழுத்து எந்த விசையில் இருக்க வேண்டும் என்ற அமைப்பும் அவருடையதா? பல்லாண்டுகளாகக் கோடிக்கணக்கான விரல்கள் பழகிவிட்ட ஒன்று, ஒரு கடையின் சரக்காகவே என்றென்றும் இருக்க முடியுமா? நாளைக்கு ஒருவர் 'இந்தச் சாலையில் முதலில் நடந்தவன் நான். எனக்குச் சுங்கம் கட்டு' என்றால் ஒப்புவோமா? இரு தரப்பிலும் நியாயம் பேச இடமிருந்த வழக்கு இது.

மெஹ்தி என்ன செய்தார் தெரியுமா? நீதிமன்றம், மேல்முறையீடு என்று ஆண்டுக்கணக்கில் இழுக்கவில்லை. 2010 ஜூனில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசின. சர்ச்சைக்குரிய அந்த ஒரு விசை அமைப்பை நீக்கிவிட மெஹ்தி ஒப்புக்கொண்டார். ஜப்பார் புகாரைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டார். சொன்னபடியே அந்த அமைப்பு அவ்ரோவிலிருந்து நீக்கப்பட்டது. அதைப் பழகியிருந்த பலருக்கு வருத்தம்தான். ஆனாலும் அவ்ரோ பிழைத்தது. ஒரு விசை அமைப்பை விட்டுக்கொடுத்தார்; மொழியை விட்டுக்கொடுக்கவில்லை.

அதே 2010-இல் அவர் இன்னொரு காரியம் செய்தார். என் பார்வையில் அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய செயல் அதுதான். அவ்ரோவின் மூல நிரலையே, அதாவது அது எப்படி எழுதப்பட்டது என்ற முழு இரகசியத்தையும், மோசில்லா பொது உரிமத்தின் கீழ் உலகத்தின் முன் திறந்து வைத்துவிட்டார்!

இதன் பொருளைப் புரிந்துகொள்ள நம் வீட்டு விருந்தை நினைத்துப் பாருங்கள். கல்யாண வீட்டில் பிரியாணி இலவசம். வயிறார உண்டுவிட்டு வருகிறோம். ஆனால் பக்குவம்? அது பண்டாரியின் கையில் இருக்கிறது. அவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டால் அந்தச் சுவையும் போய்விடும். இலவசமாகக் கொடுப்பது என்பது சோற்றைக் கொடுப்பது. நிரலைத் திறந்து கொடுப்பது என்பது பக்குவத்தையே எழுதிக் கொடுப்பது. 'நீயும் சமைத்துக்கொள். உப்புக் குறைந்தால் போட்டுக்கொள். உன் பிள்ளைக்கும் கற்றுக்கொடு' என்று சொல்வது.

1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கம் சொல்வதும் இதைத்தான். மென்பொருளை எந்தத் தேவைக்கும் இயக்கலாம், உள்ளே திறந்து படிக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், திருத்தி வெளியிடலாம். இந்த நான்கு உரிமைகள்தாம் அதன் உயிர். விலை இல்லை என்பதல்ல இதன் சிறப்பு. பூட்டு இல்லை என்பதே சிறப்பு.

திறந்ததால் விளைந்தது என்ன? அவ்ரோவின் ஒலிமுறை லினக்ஸுக்குப் போனது. இணைய உலாவிக்குள் போனது. செல்போன் காலம் வந்தபோது, வேறு இளைஞர்கள் செய்த செல்போன் விசைப்பலகைகளிலும் அதே முறை இடம் பிடித்தது. மெஹ்தி நாளையே எழுதுவதை நிறுத்திவிட்டாலும் அந்தச் சாவி தொலையாது. ஏனென்றால் அது இப்போது ஒருவர் சட்டைப் பையில் இல்லை!

மெஹ்தி மருத்துவப் பட்டம் பெற்றார். ஆனால் டாக்டர் தொழிலுக்குப் போகாமல் மென்பொருள் எழுதுவதையே பிழைப்பாக்கிக் கொண்டார். இங்கே பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். அவர் பட்டினி கிடக்கவில்லை. இலவசமாகக் கொடுத்த அந்த மென்பொருளை எழுதி எழுதித்தான் அவர் கை தேர்ந்தது. அந்தக் கைத்திறனே அவருக்குச் சோறு போட்டது.

2025-ஆம் ஆண்டு வங்காளதேச அரசு, நாட்டின் உயர்ந்த விருதுகளில் ஒன்றான 'ஏகுஷே பதக்'கை அவருக்கு அறிவித்தது. எந்தப் புத்தகக் கண்காட்சியில் அந்தப் பொறி விழுந்ததோ, அந்தக் கண்காட்சியின் பெயரைத் தாங்கிய அதே இருபத்தொன்றின் பெயரிலான விருது! மெஹ்தி என்ன சொன்னார்? இது நான் தனியாகச் செய்த வேலையல்ல. தனியாக வாங்குவது முறையல்ல என்று நின்றார். முடிவில் ரிஃபாத், சியாம், ஷபாப் ஆகிய மூன்று நண்பர்களையும் சேர்த்து நால்வருக்கும் விருது வழங்கப்பட்டது. மேடையில் ஒரு சால்வைக்குப் போட்டி போடும் காலம் இது. கையில் வந்த கௌரவத்தை நான்காகப் பங்கிட்ட அந்த மனசு இருக்கிறதே, அது மென்பொருளைவிடப் பெரிது!

சகோதரர்களே! இந்த வரலாற்றை நான் எதற்குச் சொன்னேன்?

இளைஞர்களே, உங்களுக்கு ஒன்று. மெஹ்திக்கு 2003-இல் இருந்ததைவிட இன்று உங்கள் கையில் அதிகம் இருக்கிறது. வேகமான இணையம் இருக்கிறது. இலவசப் பாடங்கள் இருக்கின்றன. அவ்ரோ உட்படப் பல்லாயிரம் மென்பொருள்களின் மூல நிரல் திறந்து கிடக்கிறது. 'எனக்குச் சொல்லித்தர ஆள் இல்லை' என்ற சாக்கு செத்துவிட்டது. கோர்ஸ் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் தெருவில் எது இல்லை என்று பாருங்கள். கடைக்காரர் கடன் கணக்கை எழுதத் தமிழில் எளிய வழி இருக்கிறதா? மதரஸாப் பிள்ளைகளின் வருகைப் பதிவுக்கு இருக்கிறதா? இல்லாததைச் செய்யுங்கள். சிறிதாக இருந்தாலும் முழுமையாகச் செய்யுங்கள்.

வணிகப் பெருமக்களே, உங்களுக்கு ஒன்று. அடுத்த முறை கடைக்குக் கணக்கு மென்பொருள் வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். 'என் கணக்கை நான் வேறு மென்பொருளுக்கு எடுத்துப் போக முடியுமா? தமிழை யூனிகோடில் எழுதுகிறதா? நாளைக்கு உங்கள் கம்பெனி இல்லாவிட்டால் என் பத்து வருடக் கணக்கு என் கையில் இருக்குமா?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், நீங்கள் வாங்குவது சரக்கல்ல, பூட்டு! இன்னொன்று — திருட்டு நகலைப் போட்டு வியாபாரம் நடத்தாதீர்கள். விலை கேட்பவருக்கு விலை கொடுங்கள். கொடுக்க இயலாவிட்டால், நேர்வழியில் இலவசமாகவே கிடைக்கும் கட்டற்ற மென்பொருள் இருக்கும்போது திருட்டு எதற்கு?

எங்கள் ஜமாஅத் பதிவேடு என்ன ஆனது என்று கேட்பீர்கள். கடைசியில் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் அந்தப் பழைய எழுத்துருவின் வரிசையைக் கண்டுபிடித்து, எழுத்து எழுத்தாக யூனிகோடுக்கு மாற்றினான். அவனும் கம்ப்யூட்டர் கல்லூரியில் படித்தவனல்ல. செருப்புக் கடையில் வேலை பார்க்கிறவன். மாற்றி முடித்த அன்று முதல் பக்கத்தைத் திறந்தோம். முப்பது வருடத்துக்கு முந்திய ஒரு நிக்காஹ். மணமகன் பெயர், மணமகள் பெயர், மஹர் தொகை, சாட்சிகள்... எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. கூட இருந்த முதியவர் ஒருவர், தம் பெயரைச் சாட்சியில் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

அந்தப் பையன் மாற்றிய முறையை ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்திருக்கிறோம். பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டார்கள். கொடுத்துவிட்டோம். உங்களுக்கும் வேண்டுமானால், கூட்டம் முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.